ரென்ஸ்கேயின் பத்தாம் படி

செய்தி மாலை ஏழு பத்துக்கு வந்தது. என் அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. கைபேசியில் இரண்டே வரிகள். “ரென்ஸ்கே பத்தாம் படிக்கு வந்துட்டா.” அதன் கீழே, “இன்னைக்கு நாலு.” இரண்டாவது வரி தினமும் வருவது, ஹில்கே அன்று பிடித்த எலிகளின் எண்ணிக்கை. முதல் வரிக்காக நாங்கள் ஒன்பது வருடம் காத்திருந்தோம்.

ஹில்கே என் அக்கா ஃபென்னாவின் கணவர். ஐம்பத்தெட்டு வயது. நெதர்லாந்தில் ஸ்னேக் நகரைச் சுற்றி ஓடும் வாய்க்கால்களில் கஸ்தூரி எலி பிடிப்பது அவர் வேலை. முயல்குட்டி அளவு இருக்கும் அந்த எலிகள் கரைக்குள் வளை தோண்டிக்கொண்டே போனால் ஒருநாள் கரை உட்கார்ந்துவிடும்; மாடுகள் நிற்கும் புல்வெளிக்குள் தண்ணீர் வந்துவிடும். முப்பத்தோரு வருடமாக அவர் அதைத் தடுத்து வருகிறார். ஊரில் எல்லோரும் எலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. “வக்கீல வக்கீல்னுதானே கூப்பிடறீங்க?” என்பார்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவார். இடுப்புவரை ஏறும் ரப்பர் காலணியை வாசல் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிடுவார். முழங்கைவரை மூன்று தடவை சோப்பு. கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, நடுவில் கிராம்பு போட்ட சீஸ், நின்றபடியே சாப்பிடுவார். ஆறு மணிக்குக் கணினி முன்னால் உட்காருவார். மூக்குக்கண்ணாடியைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்; அதை ஏற்றிக்கொண்டு, மவுஸைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடிப்பார். பொறியின் வில்லைத் தொடும்போதும் அப்படித்தான் பிடிப்பார். பிப்ரவரிவரை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அது ஃபென்னாவின் நாற்காலி.

ஃபென்னா விளையாடியது ஆட்களை வாழவைக்கும் விளையாட்டு. ஓர் ஆளை உருவாக்கி, வீடு கட்டிக்கொடுத்து, வேளாவேளைக்குச் சாப்பிடவைத்து, வேலைக்கு அனுப்ப வேண்டும். நமக்கு ஒரு நிமிடம் போனால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் போகும். எந்த வேலையிலும் பத்துப் படிகள். இதை விளையாடுகிற நான்கு பேர் புதன்கிழமைதோறும் நூலகத்து மாடி அறையில் கூடுவோம்: ஃபென்னா, நான், படகுகளுக்காகத் தூக்குப்பாலத்தை உயர்த்தும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கெர்பென், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நிங்கே. ஆளுக்கு ஒரு கோப்பை காபி, ஒரே ஒரு பிஸ்கட். பிறகு டப்பாவை மூடிவிடுவோம். அந்த வாரம் அவரவர் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். “எங்க மாமியார் மறுபடியும் சமையலறைக்குத் தீ வச்சுட்டா!” என்று கல்யாணமாகாத நிங்கே சத்தமாக ஆரம்பிக்கும்போது, செய்தித்தாள் படிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்களுக்கு மூன்று விதிகள், மூன்றும் ஃபென்னா போட்டவை. குறுக்குவழி கூடாது. நடந்ததை அழித்துவிட்டுப் பழைய நாளுக்குத் திரும்பிப் போகக் கூடாது. விளையாட்டில் ஓர் ஆளுக்கு முதுமை வந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும்.

விதி போட்டவளுக்குத்தான் துப்பறியும் வேலை கைகூடவில்லை. ஒன்பது வருடத்தில் ஏழு துப்பறிவாளர்களை உருவாக்கினாள். ஒருத்தி சாட்சியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒருவன் திருட்டு நடந்த வீட்டில் விருந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டான். கையில் மூன்று தடயம் கிடைத்தாலே ஃபென்னா ஆளைப் பிடிக்கச் சொல்லிவிடுவாள். பிடிபடுகிறவர் பெரும்பாலும் தபால்காரராக இருப்பார். “அவன் மூஞ்சியப் பாரு, திருட்டு மூஞ்சி!” என்பாள். எட்டாவதாக வந்தவள் ரென்ஸ்கே. சிவப்புக் கோட்டு, கிராப்பு வெட்டிய தலை. ஏழாம் படிவரை வந்திருந்தாள். அவளுக்கு முதுமை வர விளையாட்டுக் கணக்கில் இன்னும் பதினான்கு நாள். அந்த இடத்தில் விட்டுவிட்டுத்தான் ஃபென்னா மருத்துவமனைக்குப் போனாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்துபோனாள்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை ஹில்கே மாடி அறைக்கு வந்தார். காபி ஊற்றிக்கொண்டார். ஒரு பிஸ்கட் எடுத்தார். டப்பாவை மூடினார்.

“அவ வேலை பாதியில நிக்குது. நான் முடிச்சுக் குடுக்கறேன்.”

கெர்பென் சிரித்துவிட்டார். “யோவ், உனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தெரியாதேய்யா.”

“எலிக்கு நான் மின்னஞ்சலா அனுப்பறேன்?”

ஒரு மாலைக்கு விளையாட்டில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டார். முதல் நாள் ரென்ஸ்கேயைத் தூங்கவைக்க மறந்துவிட்டார். அவள் காவல் நிலைய வாசலில் நின்றபடியே தூங்கினாள். இரண்டாம் நாள் அவளைப் பட்டினி போட்டார். மூன்றாம் நாள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. குற்றம் நடந்த வீட்டுக்குப் போனதும் நாங்கள் எல்லோரும் உடைந்த பூட்டை நோக்கித்தான் ஓடுவோம். ஹில்கே ரென்ஸ்கேயை வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்கவைத்தார். வேலி, கொட்டகை, குப்பைத்தொட்டி. “எலியப் பாத்த எடத்துல பொறி வைக்கறவன் முட்டாப்பய. அது எங்க உள்ள போகுதுன்னு பாக்கணும்,” என்றார். வாய்க்காலிலும் அப்படித்தான். கலங்கிய தண்ணீர், புதிதாகக் கடித்த நாணல், கோலால் குத்தினால் பொசுக்கென்று உள்வாங்கும் மண். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டும்வரை பையிலிருந்து பொறியை எடுக்க மாட்டார். மூன்றாம் நாள் முடிவில் ரென்ஸ்கே எட்டாம் படிக்குப் போனாள்.

மறுநாள் ஞாயிறு மாலை, அவர் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு பண்ணைக்காரர் கைபேசியில் கூப்பிட்டார். கிழக்கு வாய்க்காலில் கரை ஓரிடத்தில் தொய்ந்திருக்கிறது. ஹில்கே எழுந்தார், காலணியை மாட்டினார், போய்விட்டார். விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. எங்களில் யாருக்கும் இந்தத் தவறு நேராது. நாற்காலியிலிருந்து எழும்போதே விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். ஆனால் முப்பத்தோரு வருடத்தில் அவர் பார்த்த எந்த வேலையும், அவர் எழுந்து போனதற்காக நின்றதில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது அங்கே ஐந்து நாட்கள் ஓடிப்போயிருந்தன. ரென்ஸ்கே அழுக்குக் கோட்டோடு, கழுவாத தட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தாள். கவனிக்க ஆளில்லாமல் வேலைக்குப் போய்வந்ததில் ஏழாம் படிக்கு இறங்கியும் விட்டாள். மிச்சம் ஆறு நாள். ஏழாம் படியிலேயே அவளுக்கு முதுமை வந்துவிட்டால், இதுவும் ஃபென்னாவின் தோல்விகளில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஒன்பதாவது ஆளை உருவாக்க அவள் இல்லை.

அடுத்த புதன்கிழமை ஹில்கே எதையும் மறைக்காமல் சொன்னார். நிங்கே முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“பழைய நாளுக்குத் திரும்பிப் போயிடலாம். ஒரே ஒரு பொத்தான்தான். யாரு பாக்கப்போறா?”

“விதி அவ போட்டது.”

“அவ இருந்திருந்தா உனக்காக விட்டுக்குடுத்திருப்பா.”

“எனக்காகவா?” ஹில்கே உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “முப்பது வருஷத்துல சீட்டாட்டத்துல ஒரு தடவ விட்டுக்குடுத்ததில்ல.”

“அப்ப தோத்தாச்சு எலிக்காரா,” என்றார் கெர்பென். “ஆறு நாள்ல மூணு படி. நானே ஏத்தினதில்ல.”

“ஆறு நாள் இருக்கே,” என்று ஹில்கே பிஸ்கட்டைக் காபியில் முக்கினார். அது உடைந்து விழாமல் சரியான கணத்தில் வெளியே எடுத்தார்.

முதல் இரண்டு நாளில் சின்ன வழக்குகளை முடித்து எட்டாம் படியை மீட்டார். மிச்சம் நான்கு நாள். அதில் அவர் ஒரு காரியம் செய்தார்; கெர்பென் கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். சின்ன வழக்குகள் அத்தனையையும் தள்ளிவிட்டு, ஒரே தெருவில் நான்கு வீடுகளில் நடந்த திருட்டை எடுத்துக்கொண்டார். அது முடிந்தால் ஒரேயடியாக இரண்டு படி ஏறலாம். முடியாவிட்டால் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை, ஐந்தாம் நாள், நான் அவர் வீட்டில் இருந்தேன். நிலையத்துப் பலகையில் ஆறு தடயங்கள் குத்தியிருந்தன. திருடன் பச்சைச் சட்டைக்காரன், தோட்டவேலை தெரிந்தவன் என்பதுவரை வந்திருந்தது. பலகை நிறைய ஒன்பது வேண்டும். ஆனால் ஆறு இருந்தாலே ஆளைத் தேடச் சொல்லலாம். எனக்குக் கை பரபரத்தது.

“ஆறு இருக்கே, பிடிக்கச் சொல்லிடு. நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்க அக்கா மாதிரியே பேசற. தபால்காரன்தான் மாட்டுவான்.”

அவர் ரென்ஸ்கேயை வீட்டுக்கு அனுப்பி, குளிக்கவைத்து, நேரத்தோடு படுக்கவைத்தார். தானும் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமைதான் அந்தச் செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள், புதன்கிழமை, நிங்கே ஆரஞ்சு கேக் வாங்கி வந்திருந்தாள். ஹில்கே மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லுய்யா!” என்றார் கெர்பென்.

“நாலாவது வீட்டுப் பின்னாடி ஒரு குளம். யாரும் போய்ப் பாக்கல. அங்க போனேன்.”

“அப்புறம்?”

“காலடித்தடம் இருந்துச்சு. கிழிஞ்ச துணி. ஒரு மண்வெட்டி. மூணும் அங்கதான்.”

ஒன்பது தடயமும் சேர்ந்ததும் பலகை ஒரே ஒருவரைக் காட்டியது: அந்தத் தெருவின் பூந்தோட்டப் போட்டிக்கு நடுவராக இருந்தவர். ரென்ஸ்கே அவரைக் காய்கறிக் கடையில் வைத்துப் பிடித்தாள். வேலை நேரம் முடிய இரண்டு மணி நேரம், அதாவது நமக்கு இரண்டு நிமிடம். இந்த இடத்தில்தான் ஃபென்னாவின் ஆட்கள் எல்லோரும் மேசையைத் தட்டிக் கத்துவார்கள். பிடிபட்டவர் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

“மிரட்டினியா?” என்றாள் நிங்கே.

“எதுக்கு? எலி உள்ள இருக்குன்னு தெரிஞ்சப்புறம் தண்ணியக் கலக்கக் கூடாது. அவருகிட்ட ரோஜாவப் பத்திப் பேச வச்சேன். அப்புறம் காபியும் ஒரு பிஸ்கட்டும்.”

“விளையாட்டுல பிஸ்கட்டே கிடையாதே!”

“நான் சாப்பிட்டேன்.”

கெர்பென் மேசையில் குத்திக் குத்திச் சிரித்தார், காபி தளும்பியது. நூலகப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வேலை நேரம் முடியப் பத்து நொடி இருக்கும்போது நடுவர் ஒத்துக்கொண்டாராம். ரென்ஸ்கேயின் தலைக்குமேல் பொன்னிறத்தில் பத்து என்ற எண் வந்ததாம். விளையாட்டில் அடுத்த நாள் காலை அவளுக்கு முடி நரைத்தது. ஹில்கே ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவளை நிலையத்துக்குக் கூப்பிட்டு அன்றே வேலையை விடவைத்தார். எங்கள் மூவருக்கும் அது கொஞ்சம் கொடுமையாகப் பட்டது. அவருக்குப் படவில்லை. “நல்லா செஞ்சுட்டா. இனிமே மீன் பிடிக்கட்டும்,” என்றார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆளைப் பத்தாம் படிக்கு ஏற்றியவர், நிஜத்தில் தெரிந்த ஒருவரைப் போல ஒரு முகத்தை உருவாக்கி எங்கள் எல்லோருடைய விளையாட்டிலும் வரும் பொதுத்தெருவில் குடிவைக்கலாம். கெர்பென் தன் சமையல்காரனை ஏற்றியபோது பல் மருத்துவரைக் குடிவைத்தார். இன்னும் அவர் வீட்டைக் கடக்கும்போது கெர்பெனின் ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஹில்கே யாரையும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். முக்கால் மணி நேரம். நாங்கள் கேக் சாப்பிட்டோம். புகைப்படம் எதையும் அவர் பார்க்கவில்லை. பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே இருந்தது. முன்பல்லில் அந்தச் சிறு இடைவெளி. நிங்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஒருவரைக் குடிவைக்கும் முன் அவருக்கு மூன்று குணங்கள் கொடுக்க வேண்டும். அறுபது சொற்கள் உள்ள பட்டியல் ஒன்று வரும். ஹில்கே முதல் கட்டத்தில் ‘சாப்பாட்டுப் பிரியை’ என்று போட்டார். இரண்டாவதில் ‘வாயாடி’. இரண்டுக்கும் அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. மூன்றாவதில் அம்புக்குறி நின்றது.

“அவசரக்காரி,” என்றாள் நிங்கே.

“பொறாமைக்காரி!” என்றார் கெர்பென். “என் சமையல்காரன் மேல வந்தப்ப மூணு வாரம் எங்கிட்ட பேசலையே.”

ஹில்கே சிரித்தார். ஆனால் தலையை ஆட்டினார். “அதெல்லாம் இருந்துச்சு. அது இல்ல.” பிறகு திரையை என் பக்கம் தள்ளினார். “கூடப் பொறந்தவ. நீ சொல்லு.”

நான் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் பொருந்தியது. எதன்மேலும் அழுத்த என் விரலுக்கு வரவில்லை. நூலகம் மூடும் மணி அடித்தது. “சரி விடு, அவசரமில்ல,” என்று ஹில்கே மூடியைச் சாத்தி, மடிக்கணினியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அது மார்ச் கடைசி. இப்போது அக்டோபர். ஹில்கே ஒரு புதன்கிழமையும் தவறுவதில்லை. எலி எண்ணிக்கை தினமும் வருகிறது. புதிதாக ஒரு மீனவனை உருவாக்கி ஐந்தாம் படிவரை கொண்டுவந்துவிட்டார். ஃபென்னாவின் மூன்றாவது குணத்தை இன்னும் போடவில்லை.