பிளந்து நட்ட அட்டைகள்

காதிலிருந்து ரத்தம் வந்த நாளோடு அடைக்கலசாமி ஆழத்துக்குப் போவதை விட்டுவிட்டார். தூத்துக்குடியில் சங்கு குளித்து வளர்ந்த உடம்பு. அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில் குடியேறிய பிறகும் மூச்சடக்கி முங்குவதுதான் பிழைப்பு. இன்னொரு முறை ஆழம் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். அதன்பின் குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடலட்டை பொறுக்கினார். குடலெடுத்து, அவித்து, காயவைத்து வியாபாரி ஜம்புலிங்கத்திடம் கொடுத்தால் அடுப்பு எரிந்தது. தாயில்லாத மகள் சிசிலியாவின் காலேஜ் படிப்பும் அதில்தான் ஓடியது.

எழுபதுகளின் பிற்பகுதியில் அட்டைக்கு நல்ல விலை வந்தது. நாலா பக்கமிருந்தும் ஆட்கள் இறங்கியதில் குடா காலியானது. மிச்சமிருந்தது பவளப்பாறைக்கு அப்பால், கடல் கறுத்துக் கிடக்கும் இடம் மட்டும். குடா மறுபடி நிறையாவிட்டால் அப்பா அங்கேதான் இறங்க வேண்டும். இருவருக்கும் அது தெரியும். இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் விலங்கியல் வகுப்பில், இழந்த உறுப்பு மீண்டும் வளர்வதைப் பற்றிப் பாடம் நடந்தது. பல்லிக்கு வால், நட்சத்திரமீனுக்குக் கை. கடலட்டைகளில் கறுப்பட்டை என்ற வகை இரண்டாகத் துண்டுபட்டாலும் இரண்டும் பிழைக்கும் என்றார் ஆசிரியர் பக்தவத்சலம். சிசிலியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றைப் பிளந்து, பலாமர நிழலில் மண்தொட்டியில் போட்டு, நாள்தோறும் கடல்தண்ணீர் மாற்றினாள். இரண்டு துண்டிலும் காயம் மூடிக்கொண்டது.

அடைக்கலசாமி தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "ஏட்டி, இது மரவள்ளிக் குச்சில்லா! ஒடிச்சு நட்டா முளைக்குதே!"

"எல்லாம் முளைக்காதுப்பா. இந்தக் கறுப்பு மட்டுந்தான்."

"கறுப்பா இருந்தா என்ன? ஜம்புலிங்கம் பொண்ணா பாக்கப்போறான்?"

அடுத்த வாரமே அவரும் கூட்டாளி தாமஸும் தொலைதூரக் கரைகளில் தேடிக் கிடைத்த சில கறுப்பட்டைகளைக் கொண்டுவந்து, பிளந்து, குடா மணலில் வரிசையாக வைத்தார்கள்.

"அரே அடைக்கலம், உரம் எப்ப போடணும்? யூரியா வாங்கியாரவா?" என்றார் தாமஸ்.

"நீ வாய மூடு. அதுவே நல்ல உரம்."

அந்த ஆண்டு மழை தள்ளிப்போனது. காற்று அசையவில்லை. குடாவில் கால் வைத்தால் பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவிய வெந்நீர் போலிருந்தது. பாறையில் பவளம் முதலில் வெளிறியது. பிறகு எலும்பாக வெளுத்தது. சிசிலியா ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"பூமியே மெல்லச் சூடாகிறது என்று வெளிநாட்டில் சிலர் எழுதுகிறார்கள், அம்மா. ஆலைப் புகைதான் காரணமாம். உங்கள் குடாவில் நடப்பது அதுதானா என்று என்னால் சொல்ல முடியாது. இது ஒரு கோடையின் சூடாகவும் இருக்கலாம். அளந்து பாருங்கள்" என்று வெப்பமானியைக் கொடுத்தார்.

அளந்தாள். பலாமரத்தடித் தொட்டியைவிடக் குடா வெகுவாகச் சூடேறியிருந்தது. மணலுக்குள் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தாள். அது விரலிடுக்கில் கஞ்சியாக வழிந்தது. அடுத்ததும் அப்படியே. வரிசை முழுவதும் அப்படியே.

"யப்பா, ஒண்ணும் பிழைக்கல. நிழல்ல மூடின காயம் அங்க மூடல. தண்ணி அவிக்குது."

அவர் வலைப்பையின் கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"மழ வர்ற வரைக்கும் பொறுங்க."

"மழ வரும். அதுக்குள்ள அடுப்பெரிய வேண்டாமா?"

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"அவன் தண்ணிக்குள்ள வந்து பாத்தானாக்கும்."

"நான் காலேஜ நிறுத்திக்கிறேன்."

"பஸ்!" என்றார். போதும் என்ற அந்த இந்திச் சொல்லை அவர் அவளிடம் அதுவரை அதட்டலாகச் சொன்னதில்லை. பிறகு குரல் தணிந்தது. "நாளைக்கு நீ கிளாசுக்குப் போற. நான் பாறைக்கு அந்தால ஒரு முங்கு போட்டுட்டு வாரேன். தாமஸ் கயிறு பிடிப்பான்."

காலையில் காலேஜுக்காக எதிர்க்கரைச் சாத்தாம் போகும் படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் அப்பாவின் தோணி சிறுத்துக்கொண்டே போனது. கையாட்டினாள். அவர் பார்க்கவில்லை.

மாலையில் திரும்பியபோது படகுத்துறையில் கூட்டம் நின்றது. அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டது. தாமஸ் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். கயிறு அவர் உள்ளங்கைத் தோலை உரித்திருந்தது.

"தாமஸ் மாமா..."

"பை வந்துச்சு புள்ள. இழுத்தேன். பை மட்டும் வந்துச்சு."

வலைப்பை அவர் காலடியில் கிடந்தது. சிசிலியா குனிந்து உள்ளே கைவிட்டாள். ஆழத்தின் குளிர் அதற்குள் இன்னும் இருந்தது. எல்லாம் கொழுத்த அட்டைகள். ஒன்றில்கூடக் காயமில்லை.