எலும்பு வரை இறங்கும் தண்ணீர்

என் மாமனாரை ஒரு மண்டலம் ஏமாற்றினேன். தினமும் காலையில், தவறாமல், அவர் கண்ணெதிரிலேயே. ஒரு மண்டலம் விரதம் இருக்கிறவர்கள்கூட நடுவில் ஒருநாள் சறுக்குவார்கள். நான் சறுக்கவில்லை. செய்த காரியத்துக்கு வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அதை நினைக்கும்போது முதலில் வருவது சிரிப்புதான், வெட்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

எங்கள் வீடு ஆம்பூரின் ஓரத்தில். நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் வேலை செய்கிறேன். கம்பெனி வேன் ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் நிற்கும். அது ஒரு நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்காது. அதற்குள் சமையல், டப்பா, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் முடிந்தாக வேண்டும். இவற்றோடு என் மாமனாரின் வெந்நீரும்.

வீட்டுக்குப் பின்னால் குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு பித்தளை பாய்லர் இருக்கிறது. இடுப்பு உயரம். சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள் விறகு. மாமியார் இருந்தவரை அவர்தான் பற்றவைத்தார். அவர் போன பிறகு யாரும் எதுவும் சொல்லாமலே அந்த வேலை என் தலையில் வந்து உட்கார்ந்தது. நாலே முக்காலுக்கு எழுந்து, ஊதி ஊதிக் கண் எரிந்து, ஒரு தவலைத் தண்ணீர் சூடாவதற்குள் எனக்கு உலகத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

மாமாவைக் குறை சொல்லவும் முடியாது. முப்பத்து நாலு வருடம் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. முதலில் சுண்ணாம்புக் குழியில், பிறகு தோலைப் போட்டுச் சுற்றுகிற மர டிரம்மில். அவருடைய முழங்கால் இரண்டும் அந்தக் குழியிலேயே தங்கிவிட்டன, மேல்பாதி மட்டும்தான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தது. அந்த வலிக்குத்தான் வெந்நீர். சித்திரையில் மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்தே கை பொத்துப்போகிற சூட்டில் தண்ணீர் வரும். அப்போதும் அவருக்கு விறகில் காய்ந்ததுதான் வேண்டும்.

மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் கணவரைச் சோலார் ஹீட்டர் வாங்க வைத்தேன். தை மாதம் ஒருநாள் அது மாடிக்கு ஏறியது. வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், தலையில் ஒரு தொட்டி. மாட்ட வந்தவரை மாமா கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி விசாரித்தார்.

"இன்னாப்பா, இதுல நெருப்பு எங்க?"

"நெருப்பு மேல இருக்குதுங்க ஐயா. சூரியன்."

"அது ஊருக்கே பொதுவா எரியிறது. எனக்குன்னு எரியணும்ல?"

மாட்ட வந்தவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் மாமா அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "சூடு ஜாஸ்திதான். ஆனா உள்ள எறங்கல."

இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். டிரம்மில் சாயம் ஏற்றும்போது தோலின் ஓரத்தைக் கத்தியால் நறுக்கி, வெட்டிய வாயைப் பார்ப்பார்கள். மேலும் கீழும் நிறம் பிடித்து நடுவில் வெளுப்பாய் ஒரு கோடு நின்றால், சாயம் உள்ளே இறங்கவில்லை, இன்னும் சுற்ற வேண்டும். மாமா தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"சோலார் தண்ணி மேலாப்புல புடிக்கிது. நடுவுல வெள்ளக் கோடு அப்படியே நிக்கிது. வெறகுத் தண்ணின்னா எலும்பு வரைக்கும் போவும். தோலுக்குள்ள எது போவும், எது போவாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவரிடம் யார் வாதாட முடியும்? டிரம்மில் கையை விட்டு எத்தனை டிகிரி என்று சொல்வாராம். சூட்டுமானி வைத்திருந்த டெக்னீஷியன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு இவர் கையைத்தான் கேட்பாராம். அந்தக் கையைப் பற்றித் தெருவில் இன்றைக்கும் பேச்சு உண்டு. சோலார் மாடியில் வெயில் காய, நான் கீழே பழையபடி ஊதிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஐந்தே முக்கால். விறகு வைத்தால் வேன் போய்விடும். குளியலறையில் சோலார் குழாய் கண்ணில் பட்டது. செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை அதில் மாட்டி, மறுமுனையைப் பாய்லருக்குள் விட்டு நிரப்பினேன். பாய்லர் குழாயில் காய்ந்த தென்னை ஓலை இரண்டைச் செருகிப் பற்றவைத்தேன். தண்ணீரைச் சூடாக்க அல்ல, புகைக்காக. மாமாவின் ஜன்னல் பக்கம் புகை நன்றாகவே போனது.

பக்கெட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மாமா கையை விட்டுப் பார்த்தார்.

"ம். இதுதான் தண்ணி."

குளித்துவிட்டு வந்து, "நேத்தவிட இன்னைக்கு நல்லா எறங்குச்சி" என்றார்.

அன்றிலிருந்து என் விடியலில் முக்கால் மணி நேரம் கூடியது. தூங்கினேன் ஐயா, நிம்மதியாகத் தூங்கினேன். கணவரிடம் சொன்னபோது அவர் முகம் வெளிறிவிட்டது. "தெரிஞ்சா பேஜாராய்டும். எனக்கு இதுல சம்பந்தமே இல்ல" என்று முன்கூட்டியே கழன்றுகொண்டார். மாமாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"இன்னாம்மா, வெறகு இந்த மாசம் அப்படியே நிக்கிதே?"

"நல்லாக் காஞ்ச வெறகு மாமா. கொஞ்சத்துலயே எரியிது."

"நான் பாத்து வாங்குனதாச்சே" என்று அதிலும் ஒரு பெருமை பட்டுக்கொண்டார்.

கம்பெனி வேனில் இது தொடர்கதை ஆகிவிட்டது. ஏறினதுமே, "மாமா இன்னைக்கு இன்னா சொன்னாரு?" என்று கேட்பார்கள். "இடுப்பு வரைக்கும் எறங்கிச்சாம்" என்று நான் அவர் குரலிலேயே சொல்வேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் பக்கத்துத் தெருத் தோழி. என்னைவிட இளையவள். அவளுடைய மாமனார் பாய் என் மாமாவோடு ஒரே டிரம்மில் நின்றவர். அவள் வீட்டிலும் ஒரு பித்தளை பாய்லர், அங்கேயும் ஊதுகிறவள் மருமகள்தான். ஆனால் அவளுக்கு இளைப்பு உண்டு. டப்பாப் பையில் சாப்பாட்டோடு வாயில் அடித்துக்கொள்கிற பம்பும் வரும்.

ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"எங்க ஊட்லயும் சோலார் போடறதா இருந்துச்சிக்கா. பொகையால எனக்கு முடியலன்னு இவரு பேசி முடிச்சிட்டாரு. நேத்து எங்க மாமா வேணான்ட்டாரு. உங்க மாமாதான் சொன்னாராம், சோலார் தண்ணி ஒடம்புல ஏறாது, நான் போட்டுட்டு மறுபடி வெறகுக்கு வந்துட்டேன், இப்போ கால் எவ்ளோ தேவலன்னு."

"நீ உண்மையச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? பெரிய மனுசன். அவரு கையப் பத்தி எங்க மாமா எவ்ளோ பெருமையாப் பேசுவாரு. மானம் போய்டும்ல."

தன் மூச்சு போனாலும் என் மாமனாரின் மானம் போகக்கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நான் அந்த மானத்தைத் தினமும் வேனில் வைத்து விற்றுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தையல் மூன்று ஜோடி கோணிப்போனது. திட்டு வாங்கினேன், வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பின்வாசலில் குடியாத்தம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குறையாத அந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் குழாய், ஓலை, புகை, எல்லாம்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இதுக்குத் தெரியல" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வார் என்று தோன்றியது. முழங்கால் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் நாலே முக்காலுக்கே எழுந்து நிஜமாகவே விறகு வைத்தேன். மாமா அந்தப் பக்கமே வரவில்லை, பச்சைத் தண்ணீரில் குளித்தார். மூன்று நாள் அப்படியே. நொண்டிக்கொண்டே நடந்தார். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் தோசையே கருகியிருக்கும்.

நாலாம் நாள் டிபன் சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தண்ணிய பாய்லர்ல எவ்ளோ நேரம் உட்டு வச்ச?"

"ஒரு பத்து நிமிசம் மாமா."

"ஓல எத்தினி?"

"ரெண்டு."

"பச்சையா, காஞ்சதா?"

"காஞ்சது."

தலையை ஆட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் பாயை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான் டீ வைத்துக்கொண்டே காதை வெளியில் வைத்திருந்தேன்.

"பாய், சோலார்ல ஒண்ணும் தப்பில்ல. நான் தப்பாச் சொல்ட்டேன். அத நேராப் புடிச்சி ஊத்துனா எறங்காது. பித்தள பாய்லர்ல ஊத்தி ஒரு பத்து நிமிசம் வைக்கணும். அடியில ரெண்டு ஓல, லேசா பொக காட்டணும். அப்போ எலும்பு வரைக்கும் போவுது. நான் ஒரு மண்டலம் குளிச்சிப் பாத்துட்டேன்."

"வெறகே வேணாவா?"

"வெறகு ஜாஸ்தி. பித்தளதான் முக்கியம். உங்க ஊட்டுது பித்தளதான?"

"பித்தளதான்."

"அப்போ போடு."

அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் செய்த மோசடி கடைசி ஓலை வரைக்கும் அவருடைய கண்டுபிடிப்பு ஆகிவிட்டது. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குமேல் வேனில் அவர் குரலில் பேசவும் இல்லை.

பாய் வீட்டு மாடியிலும் கண்ணாடிக் குழாய் ஏறியது. தோழி ரப்பர் குழாய் மாட்டுகிறாள், ஓலை மட்டும் அவளுடைய மாமனாரே பற்றவைக்கிறார். பம்பு இன்னும் பையில்தான் இருக்கிறது, வெளியில் வருவது கம்மி.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை சோலார் குழாயைத் திறந்தால் கிணற்றுத் தண்ணீர் போல வந்தது. வேறு வழியில்லை. நனைந்த விறகு, ஊதினால் புகை முகத்திலேயே திரும்பி அடித்தது. எப்படியோ காய்ச்சி, பக்கெட்டைக் கொண்டுபோய் மாமா முன்னால் வைத்தேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"இன்னாம்மா, இன்னைக்குத் தண்ணி சரியில்ல."

"ஏன் மாமா?"

"மேலாப்புலயே நிக்கிது. இது நம்ம சோலார் தண்ணி இல்ல. வெறகுல காச்சனது."

"ஆமா மாமா."

"தோ, கை சொல்ட்டிச்சி பாத்தியா" என்று துண்டை எடுத்துக்கொண்டு, நொண்டாமல் உள்ளே போனார்.

எனக்கும் அன்றைக்கு அந்தக் கையின் மேல் மரியாதை வந்தது. வேனில் ஏறுகிறவரை அந்த மரியாதை இருந்தது. தோழி என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். நெற்றியிலிருந்து காது வரை கரி.