முனிரத்தினத்தின் தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அஞ்சலிக்குப் போய் வந்தேன். செத்தவரையும் கையோடு அழைத்துக்கொண்டு!

புரியவில்லையா? சொல்கிறேன்.

திருத்தணியில் என் வீட்டுக்குப் பின்தெருவில் முனிரத்தினம் என்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். பெயரை மாற்றியிருக்கிறேன், கண்டுபிடிக்க முயல வேண்டாம். சொந்தப் பெயரில் எழுதிக் குவித்தபோதே கண்டுபிடிக்காதவர்கள்தானே நாம்? திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், மாடி போர்ஷனில் உட்கார்ந்து நாவல் நாவலாக எழுதியவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

அவர் என்றால் தாடிதான். மார்பு வரை தாடி, தோள் வரை முடி. எல்லாப் புத்தகங்களின் பின்னட்டையிலும் அதே போட்டோ. இப்போது இரண்டும் இல்லை. பேத்தி டெங்குவில் கிடந்தபோது மகள் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள் - அப்பாவின் தலையை!

“வேண்டிக்கினது அவ, முடி மட்டும் என்னுது சார்” என்று தலையைத் தடவிக்காட்டினார். எங்கள் ஊரில் மொட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அவரிடம் ஒரு நாவல் எழுதி முடித்துக் கிடக்கிறது. அதை அச்சில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் மனுஷனின் ஆசை. சென்னைப் பதிப்பாளர் ஒருவரிடம் போனில் கேட்டிருக்கிறார். “இப்பல்லாம் யார் சார் நாவல் படிக்கிறாங்க... பார்ப்போம்” என்றாராம். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. ‘எழுத்தாளர்கள் வாழ்ந்த தெருக்களில் ஒரு காலை நடை.’ பட்டியலில் முனிரத்தினத்தின் பெயர்! சிறப்பு விருந்தினர் அதே பதிப்பாளர்!

“நம்ம பேரு கூடவா சார் போட்டுகீறாங்க?” குழந்தை மாதிரி கேட்டார். நாவலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு விடியற்காலை மின்சார ரயிலில் என்னோடு ஏறினார்.

கையில் மைக்கோடு ஒரு பெண் எங்களைத் தெருத்தெருவாக அழைத்துப் போனார். இந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் கதை யோசித்தாராம். அந்த மெஸ்ஸில் இன்னொருவர் காபி குடித்தாராம். எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் முனிரத்தினம் இருந்த சந்து வந்தது.

“சமீபத்தில் நம்மை விட்டு மறைந்த...” என்று ஆரம்பித்தார் அந்தப் பெண்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்றவரைக் கேட்டால், யாரோ முகநூலில் போட்டார்களாம், இவர்களும் நம்பிவிட்டார்களாம். ஒரு போன் போட்டுக் கேட்கக்கூடவா ஆள் இல்லை?

முனிரத்தினம் முன்னால் போய், “இன்னாம்மா சொல்ற? இந்த மாடிதான்...” என்று கை காட்டினார்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மொட்டையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “சாரி சார்... நீங்க அவரோட தம்பிங்களா? அவருக்குப் பையன் இல்லையே, கொள்ளி நீங்கதான் வெச்சீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பதிப்பாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முனிரத்தினத்தின் கைகளைப் பற்றிக்கொண்டார். “பெரிய இழப்பு சார். கடைசியா ஏதாவது எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரா? இருந்தா உடனே போட்டுடலாம். இப்ப போட்டாத்தான் பேசுவாங்க.”

போனில் பேசிய குரல்கூட அந்த ஆளுக்கு நினைவில்லை.

“யோவ்...” என்று நான் ஆரம்பித்தேன். முனிரத்தினம் என் கையை அழுத்திப் பிடித்தார். ஒரு நொடி அந்த மாடியைப் பார்த்தார். பிறகு பையை நீட்டினார்.

“ஆங்... ஒரு நாவலு கீது சார். அண்ணன் எழுதினது.”

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எழுத்தாளனுக்கு அந்த யானையின் யோகம்கூட இல்லை. செத்தவர் எவ்வளவு வசதி பாருங்கள்... மேடையில் நாற்காலி கேட்க மாட்டார், அட்டைப்படம் சரியில்லை என்று சண்டைக்கு வர மாட்டார். இந்த மாநகரத்துக்கு எழுத்தாளர்கள் மேல் அளவு கடந்த பிரியம் - அவர்கள் எழுந்து வராதவரை.

“அண்ணனோட போட்டோ ஒண்ணு வேணும் சார், அந்தத் தாடியோட” என்றார் பதிப்பாளர்.

பிறகு ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லாரும் தலை குனிந்தார்கள். முனிரத்தினமும் குனிந்தார்.

திரும்பும் ரயில் அரக்கோணம் தாண்டியது. மொட்டையைத் தடவிக்கொண்டே வந்தவர், மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“மொளைச்சிகினு வருது சார்... இது வளர்றதுக்குள்ள புக்கு வந்துருமா?”