திண்டிவனம் ஸ்டேஷனில் கேட்ட ‘ஹோல்ட் ஆன்’

‘ஹோல்ட் ஆன்’ என்று வெள்ளைக்காரர்கள் சகஜமாகச் சொல்வதுண்டு. டெலிபோனில் சொன்னால், வைத்துவிடாதே, இதோ வந்துவிடுகிறேன் என்று பொருள். நேரில் சொன்னால், கொஞ்சம் பொறு. இரண்டிலும், சொன்னவர் திரும்பி வந்துவிடுவார். அதனால்தான் கேட்பவருக்கு அது உறைப்பதில்லை.

திண்டிவனம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு இதில் பாதிதான் தெரியும். மேலதிகாரிகள் போனில் பேசுவதைக் கேட்டுப் பொறுக்கிய சொல் அது. அதிகாரியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. அங்கே வெறும் ‘யெஸ் சார்’தான். எங்களிடம் மட்டும் ‘ஹோல்டான்’ என்பார், ஜன்னலைச் சாத்துவார், காபி குடிக்கப் போய்விடுவார். வெளியே நிற்கிற வக்கீல் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தலையாட்டுவார்கள். அதையே தமிழில் ‘இருங்கடா’ என்றிருந்தால் ஜன்னலைப் பெயர்த்திருப்பார்கள்.

யுத்த காலம். வண்டிகளைக் குறைத்திருந்தார்கள். என் ஒரே மகளுக்குத் தொண்டை அடைப்பான். அதற்கான ஊசி விழுப்புரத்தில்தான் இருக்கிறது, இந்த வண்டியை விடாதீர்கள் என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தை என் தோளில் கிடந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“சார், குழந்தைக்கு மூச்சு முட்டுது. ஒரு டிக்கெட் குடுத்துடுங்க.”

“ஹோல்டான், ஹோல்டான்! உன் ஒருத்தனுக்காவா ரயில் வுட்றாங்க?”

ஜன்னல் சாத்திக்கொண்டது. வண்டி வந்து நின்ற பிறகும் திறக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறிப் பழக்கமில்லாத நாங்கள் அத்தனை பேரும் மூடிய பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ரயில் பெட்டி வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னா சாமி, கொயந்த அப்படி இழுக்குது, நின்னுக்கினு கீறே?”

“டிக்கெட் குடுக்கல அம்மா. ஹோல்டான்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

“அப்பிடின்னா?”

“கொஞ்சம் இருங்கன்னு அர்த்தம்.”

“இருக்கச் சொன்னவன் எங்க? கொயந்தையக் குடு இப்பிடி. கேக்க வர்றவன்கிட்ட நான் பேசிக்கிறேன், ஜல்தி ஏறு!”

அவள் கை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் திறந்தது. காபி டம்ளரும் கையுமாக அவர் எட்டிப் பார்த்தார். கூட்டம் அப்போதும் மரியாதையாக வரிசையில் நின்றது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தையின் கழுத்தைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையைக் கழுவிக்கொண்டே வந்து ஊசி போட்டார்.

மறுநாள் காலை என் மகள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். நர்ஸ் வாங்கிப் புகட்டினாள்.