செவ்தாவின் எண்பது நிமிடம்

செவ்தா எங்கே போனாலும் எண்பது நிமிடத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் அவள் உலகம். ஊரோரப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் கால் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளை வழியில் நிறுத்திப் பேச முடியாது. நடந்துகொண்டேதான் பேசுவாள். பேச்சு வேண்டுமென்றால் நாமும் கூடவே ஓட வேண்டும். நான் பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஆனாலும் ஓடியிருக்கிறேன்.

பால்பண்ணையில் முப்பது வருடம் பாலாடைக்கட்டி பிழிந்த கை அவளுடையது. ஓய்வு கிடைத்ததும் கடலைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வு கிடைத்த அதே வருடம் அவள் புருஷன் மனோலுக்கு நினைவு கலங்க ஆரம்பித்தது.

மனோல் நாற்பது வருடம் லாரி ஓட்டியவன். எங்கள் மலையூர் செப்பெலாரேயிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலை இறங்கி ப்ளோவ்டிவ் மண்டிக்குப் போவான், காலிச் சாக்குகளோடு ஏறி வருவான். இப்போது அவனுக்குச் செவ்தாவின் பெயர் தெரியாது, "அந்த அம்மா" என்கிறான். வீட்டுக்குள் உட்காரவைத்தால், "வண்டி நிக்குது, நான் போகணும்" என்று கதவைப் பிடித்து உலுக்குவான். முற்றத்தில் நிற்கும் பழைய காருக்குள் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டால் மட்டும் அடங்குவான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். அந்த வண்டியில் பெட்ரோல் கிடையாது, சாவியும் செவ்தாவின் இடுப்பில். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வந்து பாட்டுப் பெட்டிக்கு மட்டும் உயிர் கொடுக்கும்.

அந்தப் பாட்டுகள் லாரியில் இருந்த ஒரே கேசட்டின் பாட்டுகள். நாற்பது வருடமும் அதே வரிசைதான். ஆட்டுத்தோல் பை வாத்தியம் ஊதும் முதல் பாட்டு ஒலித்தால் வண்டி செப்பெலாரேயை விட்டுக் கிளம்புகிறது என்று அர்த்தம். வழியில் ஹ்வொய்னா தாண்டி நரேச்சென் வரும்போது ஒரு கல்யாணப் பாட்டு. பச்கோவோ வளைவுகளுக்கு ஒரு பெண் தனியாகப் பாடுவாள், மனோல் காலியான பிரேக்கை மெதுவாக மிதிப்பான். கடைசிப் பாட்டு முடிந்தால் ப்ளோவ்டிவ். மகள் ஸ்பெயினுக்குப் போகும் முன் அந்தப் பாட்டுகளை ஒரு சி.டி. வட்டில் ஏற்றித் தந்துவிட்டுப் போனாள். வட்டு கொள்வது எண்பது நிமிடம். அது முடிந்ததும் பெட்டி தானாகவே முதல் பாட்டுக்குப் போய்விடும். அங்கேதான் வினை. முதல் பாட்டு மறுபடி கேட்டதும் மனோல், "வந்த வழியே திரும்பிட்டோம்! யாருடா ரோட்டை மாத்தினது?" என்று கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவான். போன குளிர்காலத்தில் வீட்டுச் செருப்போடு ஆற்றங்கரைப் பனியில் நின்றவனைப் பிடித்துக் கூட்டிவந்தோம்.

இப்படி அவள் கயிறு எண்பது நிமிட நீளம். வசந்தத்தில் அதுவும் குறைந்தது. வட்டு தேய்ந்து நரேச்செனில் திக்க ஆரம்பித்தது. திக்கினால் மனோல் இறங்குவான். அதோடு செவ்தாவின் வலது கண்ணில் பால் ஊற்றினதுபோல் வெள்ளை. இடது கண்ணும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. ஸ்மோல்யானில் கண் டாக்டர் நாள் கொடுத்திருந்தார், ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. தவறவிட்டால் அடுத்த தேதி குளிர்காலத்தில்தான். பஸ்ஸில் போய்க் காட்டித் திரும்ப மூன்று மணி நேரமாவது வேண்டும்.

"நான் உக்காந்துக்கறேன் அவனோட. நீ போ," என்றேன்.

"உங்களை ஏத்திக்குவாருக்கா, கூட ஆள் வந்தா பிடிக்கும் அவருக்கு. ஆனா ரெண்டாவது தடவை முதல் பாட்டு வந்தா உங்களால பிடிக்க முடியுமா?"

முடியாது. மனோல் இன்னும் எருது மாதிரி இருந்தான்.

கேசட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பிசேரிடம் போனோம். பிசேர் சாவி வெட்டுவான், செருப்புக்குக் குதிகால் அடிப்பான், காகிதம் நகல் எடுப்பான், கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறான். ஐம்பதை நெருங்குகிறவன், எல்லாம் தெரிந்த முகம். நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"மூணு மணி நேரம் என்ன பாட்டி, இதே ஜாதிப் பாட்டுகளைப் பின்னாடி சேர்த்து, முதல் பாட்டு திரும்ப வராம பத்து மணி நேரம் பாடுற மாதிரி ஒரே வட்டில போட்டுத் தர்றேன்."

போட்டுத் தந்தான். காருக்குள் தள்ளினோம். பெட்டி கர் கர் என்றது, ஏதோ எழுத்துகள் கண் சிமிட்டின. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் வட்டை வெளியே துப்பினது நன்றாகவே தெரிந்தது. திரும்பப் போனோம்.

"உன் வட்டு பாடலைடா."

"பெட்டி பழசு பாட்டி. நான் பாட்டைச் சுருக்கிப் போட்டிருக்கேன், புதுப் பெட்டின்னா பிரிச்சுப் படிக்கும். உங்க பெட்டிக்கு அந்தப் படிப்பெல்லாம் கிடையாது."

"எனக்கும்தான் படிப்பு கிடையாது. அதுக்காக நான் பாடாம இருக்கேனா? அதுக்குப் புரியற மாதிரி போடு."

அதற்குப் புரிகிற மாதிரி என்றால் கடையில் விற்கிற வட்டைப்போல, சுருக்காமல், எண்பது நிமிடத்துக்கு மேல் போகாமல் போட வேண்டுமாம். இன்னொரு வட்டு தந்தான். அதைப் பெட்டி பார்க்கக்கூட மறுத்தது. அழித்து அழித்து எழுதுகிற ஜாதி வட்டாம் அது. மூன்றாவது பாடியது, ஆனால் ஹ்வொய்னா தாண்டியதும் எகிறிக் குதித்தது. மனோல் இறங்கிப் போய் டயரை உதைத்துப் பார்த்தான்.

"அவசரத்துல எழுதினியா?" என்று பிசேரைப் பிடித்தேன்.

"ரெண்டே நிமிஷத்துல எழுதினேன், அதான் தப்பு. பழைய பெட்டிக்கு மெதுவா எழுதணும்."

"அதைத்தான் நான் முதல்லயே கேட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

"மனசுல."

நான்காவதை நான் அவன் கடையிலேயே உட்கார்ந்து காவல் காத்து எழுதவைத்தேன். பீன்ஸ் ஊறவைக்கிற பொறுமையோடு எழுதினான், முடிந்ததும் வட்டை மூடி முத்திரை வைக்கிற வேலையையும் செய்தான், அதைச் செய்யாவிட்டால் கார்ப் பெட்டி ஏற்காதாம். அது தங்கமாகப் பாடியது. ஆனால் எண்பது நிமிடம்தானே? செவ்தா கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடுங்கக்கா. ஒரு கண்ணு போதும் எனக்கு. பாக்கறதுக்கு என்ன இருக்கு, அந்தக் காரும் அந்த முற்றமும்தானே?"

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வழி தோன்றும்.

"அவன் ப்ளோவ்டிவ் போனா அங்கேயே குடியிருந்துட்டானா? திரும்பி வருவான்ல? திரும்பி வர்றதுக்கு ஒரு வட்டு போடு. பாட்டையெல்லாம் தலைகீழா அடுக்கு. பச்கோவோ முன்னாடி, நரேச்சென் பின்னாடி, கடைசில செப்பெலாரே."

பிசேர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

இரண்டு வட்டும் தயார். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. கடைசிப் பாட்டு முடிந்து முதல் பாட்டு தொடங்கும் முன் நான் பொத்தானை அழுத்தி வட்டை எடுக்க வேண்டும், மனோலுக்கு ஃபிளாஸ்கிலிருந்து காபி கொடுத்து, "மூட்டை இறக்கியாச்சு" என்று சொல்ல வேண்டும், அடுத்த வட்டைத் தள்ள வேண்டும். ஆனால் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. பிசேர் பேனாவால் பெயர் எழுதியிருந்தான். என் விஷயத்தில் அது சுவரில் எழுதினதுபோல்தான். அதனால் செவ்தா, ஊறுகாய்ப் பாட்டிலுக்கு ஒட்டுகிற மாதிரி, ஒரு விரல் அகலம் பிளாஸ்திரி வெட்டிப் போகிற வட்டின் மேல் ஒட்டினாள். எங்கள் நிலவறையில் மிளகாய், தக்காளி, பீன்ஸ் எல்லாவற்றுக்கும் அதே பிளாஸ்திரிதான், ஒரு பாட்டிலும் கோபித்துக்கொண்டதில்லை. ஒட்டச் சொன்னது நான்தான். செவ்வாய்க்கிழமை காலைக் குளிரில் உள்ளே தள்ளி வெளியே எடுத்துப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை செவ்தா தேவாலயத்துக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அவரு இறங்கிட்டா..."

"பஸ் உனக்காக நிக்காது. போ."

நான் மனோலின் பக்கத்து இருக்கையில் ஏறினேன். அவன் என்னைப் பார்த்து, "எங்க போகணும் அம்மா?" என்றான்.

"ப்ளோவ்டிவ்."

"ஏறிக்க. புகை பிடிக்க மாட்டியே?"

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். நரேச்செனில் அவன் கூடவே பாடினான். வெயில் ஏறியது. முற்றத்துச் சுவர் நிழல் காரை விட்டு நகர்ந்தது, கண்ணாடி வழியாக வெயில் நேராகப் பெட்டி மேல் விழுந்தது. பச்கோவோ வளைவுகள் முடிந்தன. கடைசிப் பாட்டு முடிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

பெட்டி முனகியது. வட்டின் விளிம்பு ஒரு நகக்கண் அளவு எட்டிப் பார்த்து உள்ளே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். முனகல். பிறகு ஆட்டுத்தோல் பை ஊத ஆரம்பித்தது.

மனோலின் கை ஸ்டியரிங்கை விட்டது. "இது செப்பெலாரே பாட்டாச்சே?"

பெட்டியை அணைத்தேன். அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். அந்த நேரம் என் வாயில் வந்ததைச் சொன்னேன். யோசித்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

"வண்டி படுத்துடுச்சு மனோல்."

பிடியில் இருந்த அவன் கை நின்றது. "சத்தம் எப்படிக் கேட்டுச்சு?"

"கர்ர்ர்னு."

"கியர் பாக்ஸ்," என்றான் உடனே. இருபது வயது குறைந்த குரல் அது. "மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சா?"

"ஆள் போயிருக்கு."

"பாரம் இறக்கலையே?"

"நாப்பது மூட்டை அப்படியே இருக்கு."

கதவுப் பிடியை விட்டுவிட்டு, பூட்டுக் குமிழை அழுத்தினான். என் பக்கம் எட்டி வந்து என் கதவையும் பூட்டினான். "பாரத்தை விட்டுட்டு எவனும் இறங்கக் கூடாது. நீயும்தான். ப்ளோவ்டிவ் ஆளுங்க சரியில்லை."

அப்படி மாட்டிக்கொண்டேன். கண்ணாடியை ஒரு விரல் இறக்க அனுமதி கொடுத்தான், அதற்கு மேல் கேட்டால் திருடன் கை விடுவானாம். என் வீட்டு அடுப்பில் பீன்ஸ் சட்டி இருந்தது, அதன் தீய்ந்த வாசனை வேலி தாண்டி வந்தது. காபியை நானே குடித்துத் தொலைத்திருந்தேன், அது வேறு அவசரம். தேவாலய மணி ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது. மனோல் அசையவில்லை. பின்கண்ணாடியில் இல்லாத சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். செவ்தா தினமும் எதற்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பார்ப்பது வேறு.

மூன்று அடித்த பிறகு செவ்தா ஓடிவந்தாள், கையில் ஒரு காகிதம். மனோல் உள்ளே இருப்பதைப் பார்த்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இறங்கலையா? அக்கா, இறங்கவே இல்லையா?"

"அவனும் இறங்கல, என்னையும் இறங்க விடல! போய் பிசேரைக் கூட்டிட்டு வா. கருவியோட வரச் சொல்லு. மெக்கானிக்னு சொல்லு!"

பிசேர் தோல் ஏப்ரனோடு வந்தான். மனோல் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"நாலு மணி நேரமாடா? வழியில தூங்கிட்டியா?"

"மன்னிச்சுக்கங்க அண்ணே, ரோட்டுல ஆட்டு மந்தை."

மந்தை என்றதும் மனோல் தலையாட்டிக் கதவைத் திறந்தான். மந்தையை எந்த லாரிக்காரனும் ஏற்றுக்கொள்வான். பிசேர் இரண்டு மெல்லிய தகடுகளைச் செருகிப் பெட்டியை அப்படியே உருவினான், மேல்மூடியைத் திறந்து வட்டை நெம்பினான். பிளாஸ்திரி வெயிலில் உருகி, சுருண்டு, உருளையில் அப்பியிருந்தது.

"பாட்டி! இதுல பிளாஸ்திரியா? ஊறுகாய்னு நினைச்சீங்களா?"

"நீ வாங்கி வச்சிருக்கற வட்டுதான் கெட்டி பத்தல."

"பிளாஸ்திரி யாரு ஒட்டச் சொன்னது?"

"வெயிலை யாரு அடிக்கச் சொன்னது?"

இன்று வரை அவன் என்னைத்தான் குற்றம் சொல்கிறான். சொல்லட்டும். அவன் ஸ்பிரிட் தொட்டுப் பிசினைத் துடைக்கும்வரை நான் வீட்டுக்குப் போய் அவசரத்தை முடித்து, கரிந்த சட்டியை வெளியே வைத்துவிட்டு வந்து மறுபடி மனோல் பக்கத்தில் ஏறினேன்.

"பாரம் இறக்கியாச்சு அண்ணே, வீட்டுக்குப் போகலாம்," என்று பிசேர் வருகிற வட்டைத் தள்ளினான். பச்கோவோப் பெண் பாடினாள். செவ்தா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கண்ணில் விட்ட மருந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள், ஆனாலும் காகிதத்தை மடியில் விரித்து விரித்து மடித்தாள்.

"அக்டோபர்ல ஆபரேஷன். வலது கண்ணு. ரெண்டு நாள் அங்கேயே படுக்கணுமாம்." பிறகு, "வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னே?"

"ரெண்டு நாள்க்கா! எத்தனை தடவை போய் வரணும் அவரு?"

பிசேர் கார் ஜன்னலில் சாய்ந்து விரல் விட்டு எண்ணினான். "காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, தூங்கற நேரம் போக... ரெண்டு நாளைக்கு நாலு நடை. சீசன்ல அண்ணன் ஓட்டினதுதானே?"

"நாளைக்கே டாக்டருக்குப் போன் போடு," என்றேன். "வர்றேன்னு சொல்லு."

"நீங்க ரெண்டு நாளும் இதுக்குள்ளயே உக்காந்திருக்கணும்க்கா."

"தெரியும்."

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். முன்னிருக்கையிலிருந்து மனோல் திரும்பி, "அந்த அம்மா எங்க இறங்கணும்?" என்று என்னிடம் கேட்டான்.

"ஸ்மோல்யான்," என்றேன்.

"அது நம்ம ரூட்டு இல்லையே."

"அதான், பஸ்ஸில போவா."

பிசேர் புதிதாக எழுதித் தந்த வட்டுகளில் காகிதம் கிடையாது, பிளாஸ்திரி கிடையாது. போகிறதற்கு ஒரு புள்ளி, வருகிறதற்கு இரண்டு புள்ளி, பேனாவால். ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நான் இன்னும் பிளாஸ்திரிதான் ஒட்டுகிறேன். அக்டோபருக்குப் பழகிக்கொள்வதற்காக இப்போது வாரம் இரண்டு முறை மனோலோடு போய் வருகிறேன், அடுப்பை அணைத்துவிட்டு. யாராவது வேலியோரம் நின்று பேச்சுக் கொடுத்தால் கண்ணாடி ஒரு விரல் இறங்கியிருக்கும், அது வழியாகத்தான் பேச முடியும். ஹ்வொய்னாவில் இருக்கிறேன், இறங்க முடியாது, பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.