சாமான் அறைக்குள் நானும் ஆசிட் பாட்டிலும்

மைசூர் அக்ரஹாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. மழை ஈரம் படாது என்று என் கேமராவை அங்கே ஒரு பலகையில்தான் வைத்திருந்தேன். அதே பலகையில் குளியலறை கழுவும் ஆசிட் பாட்டிலும், அதற்குக் கீழே மூடி தொலைந்த பிளீச்சிங் பவுடர் டப்பாவும் இருந்தன.

மைத்துனர் கல்யாணத்தில் படம் எடுத்துத் திரும்பிய மறுநாள், ஃபிலிம் சுருள் கேமராவுக்குள் சிக்கிக்கொண்டது. இருட்டில் திறந்து சரிசெய்ய அந்த அறைக்குள் போனேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாததால் ஆறு வயது மகள் ஸ்டெல்லாவை வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.

"யார் சொன்னாலும் திறக்காதே. வெளிச்சம் பட்டா படமெல்லாம் போயிடும்."

சுருளைக் கையில் எடுத்த நேரம் முழங்கை இடித்து, பாட்டில் டப்பாவுக்குள் விழுந்து உடைந்தது. ஆசிட்டும் பவுடரும் கலந்து விஷ நெடி கிளம்பியது. கண் எரிந்தது. படத்தை நினைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மூச்சே இழுக்க முடியவில்லை. கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"ஸ்டெல்லா, கதவைத் திற!"

"மாட்டேம்ப்பா. படம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போனாப் போகட்டும்மா! அப்பாவுக்கு மூச்சு முட்டுது!"

அழுதுகொண்டே திறந்தாள். தடுமாறி முற்றத்தில் வந்து விழுந்தேன். இருமல் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. கல்யாணப் படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

இப்போது கேமரா படுக்கையறை அலமாரியில் தனியாக இருக்கிறது. ஆசிட்டும் பவுடரும் கொல்லையில், ஆளுக்கொரு மூலையில். சுருள் சிக்கினால் கூடத்தில் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து, தடித்த கம்பளிக்குள் கையை மட்டும் விட்டுச் சரிசெய்கிறேன்.