மருதாணிக் கையோடு ஒரு கிரயம்

வயதான காலத்துக்கு, வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. "நான் போன பெறகு நீ யார் கையையும் எதிர்பாக்கக் கூடாதுல்ல" என்பார். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று எரிந்து விழுவேன். திண்டுக்கல்லில் பேகம்பூரைத் தாண்டி, இரண்டு குடித்தனம் இருக்கிற மாதிரி ஒரு ஓட்டு வீடு விலைக்கு வந்தது. சேமிப்பையெல்லாம் துடைத்து அட்வான்ஸ் கொடுத்தோம். ஆனி முடிவதற்குள் கிரயம் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீடு நிலம் பதிய வர மாட்டார்கள்.

பத்திரம் எழுத உட்கார்ந்தபோதுதான் வக்கீல், "வாரிசுச் சான்றுல விக்கிறவரோட அக்கா பேரும் இருக்கே, அவங்க எங்க?" என்று கேட்டார்.

விற்கிறவர் தலையைச் சொறிந்தார். "நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சுய்யா. அக்காவுக்கு இதுல என்ன இருக்கு?"

"கையெழுத்து இருக்கு" என்றார் வக்கீல்.

அக்கா வாழ்க்கைப்பட்டது ஒட்டன்சத்திரத்தில். புரோக்கரை அனுப்பினார்கள், போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்த அம்மாள் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அட்வான்ஸும் போய், வீடும் போய், நடுத்தெருவில் நிற்கப் போகிறோம் என்று கத்தினேன்.

"செத்த நேரம் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு என் கணவர் விற்கிறவரிடம் போனார். "பொறந்த வீட்ட விக்கிறத புரோக்கர் போயிச் சொன்னா எந்தப் பொம்பள கையெழுத்துப் போடும்? பூவும் பழமும் வாங்கிட்டு வாங்க தம்பி, சேந்தே போவோம்."

மூவரும் பஸ்ஸில் போனோம். மடியில் மல்லிகையையும் வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி வியர்த்துக்கொண்டே வந்தார் அந்தத் தம்பி.

அக்கா எங்களை "வாங்க, உக்காருங்க" என்றார். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் முதல் சொம்புத் தண்ணீர் அவர் முன்னால்தான் வந்தது. "உன் பங்கு உனக்குத்தான்க்கா" என்று அவர் முணுமுணுத்தார். அக்கா பூவை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, கொல்லையில நான் வச்ச மருதாணிச் செடி இன்னும் இருக்குதுங்களா?"

அந்தச் செடியை வெட்டிவிட்டு இன்னொரு குடித்தனத்துக்கு அறை கட்ட நான் ஏற்கெனவே மனக்கோட்டை கட்டியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இருக்கும்மா. இனியும் இருக்கும்" என்றார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது போல, என் அறையை எடுத்து அவர் தானம் செய்கிறார் என்று பல்லைக் கடித்தேன்.

"அப்ப வந்து கையெழுத்துப் போடறனுங்க" என்றார் அக்கா. "கிரயத்துக்கு முந்தின நாளு மட்டும் அந்த வீட்டுல இருந்துக்கறனுங்க."

ஆனியின் கடைசி முகூர்த்த நாள். பத்திர ஆபீஸில் தம்பி விரலை வைத்தார், ரேகை பதிகிற கருவி ஏற்றுக்கொண்டது. அக்கா வைத்தார், ஏற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்கள், விரலைத் துடைத்தார்கள், அடுத்த விரலை வைக்கச் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், இரண்டு உள்ளங்கையும் விரல் நுனிவரை செக்கச்செவேல் என்று இருந்தன.

"ரேகை வைக்க வர்றப்ப யாரும்மா மருதாணி வைப்பாங்க?" என்றார் கிளார்க்.

"என்ற தம்பிதானுங்க வச்சுவிட்டான்" என்றார் அக்கா, பெருமையாக. சின்ன வயதில் அவருடைய வலது கைக்குத் தம்பிதான் வைத்துவிடுவாராம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவும் தம்பியும் சண்டை போட்டாலும் எனக்குத்தான் கேடு, சமாதானம் ஆனாலும் எனக்குத்தான் கேடு!

என் கணவர் குனிந்து பார்த்தார். "வலது கை சுண்டு விரல்ல மருதாணி இல்லையேம்மா?"

அக்கா சிரித்துவிட்டார். "இவன் எப்பவும் இப்படித்தானுங்க. சுண்டு விரலு வாரதுக்குள்ள எந்திரிச்சு ஓடிருவான்."

எந்த விரலானாலும் சரி என்று அதிகாரி தலையாட்டினார். அக்கா சுண்டு விரலை வைத்தார், கருவி ஏற்றுக்கொண்டது. அந்த ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அவர் போன பிறகு அந்த வாடகைதான் எனக்குச் சோறு போடுகிறது. அறை கட்டவில்லை, செடி நிற்கிறது. ஆனி மாதம் வந்தால் அக்கா வந்து இலை பறித்துப் போவார்.

இந்த வருடம் வந்தவர் அங்கேயே அரைத்து, என் கையைப் பிடித்து இழுத்தார். "அவரு போன பெறகு நான் வச்சுக்கலாமாக்கா?" என்றேன். "கைக்கு அதெல்லாம் தெரியுங்களா? காட்டுங்க" என்றார். ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டு வந்தார். சுண்டு விரலை மட்டும் நான் மடக்கிக்கொண்டேன்.

"அது இருக்கட்டும்க்கா. அடுத்த வாரம் பத்திர ஆபீஸுக்குப் போறேன். வீட்ட மகனுக்கும் மகளுக்கும் சமமா எழுதணும்."

 அக்கா அந்த விரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.